தெய்வானையும் முட்டைத் தீனி மூட்டையும்

செய்தி வந்தபோது என் கையில் தவிடு ஒட்டியிருந்தது. ரவாங்கில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்து கோழிக்குத் தீனி பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கக் ரோஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. அவசரத்துக்கு அவர் வீட்டு எண்ணைத்தான் எல்லாருக்கும் கொடுத்து வைத்திருக்கிறோம். கையைக் கழுவாமலே ஓடினேன். தோட்டத்திலிருந்து தெய்வானையின் வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணன் பேசினார். "தங்கச்சி, தெய்வானை போயிட்டாம்மா" என்றார். பொதுத் தொலைபேசியில் அவர் போட்ட காசு தீர்ந்து இணைப்பு தானாகவே அறுந்தது.

திரும்பி வந்து மீதித் தவிட்டையும் பிசைந்து கோழிக்கு வைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன மாதம்தான் தெய்வானைக்காக நான் குஞ்சிலிருந்து வளர்த்த ஒரு சேவலைத் தோட்டத்து முனியாண்டிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவள் உடம்பு தேற வேண்டும் என்ற ஒரே வேண்டுதல். சேவலை வாங்கிக்கொண்ட சாமி அவளையும் எடுத்துக்கொண்டது.

தெய்வானையைத் தெரிந்தவர்கள் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பாதிப் பேராவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்காரரின் சின்னம்மா ஈப்போவிலிருந்து வந்திருந்தார். எங்கள் லயத்து வீட்டு வாசலில் மேய்ந்த குஞ்சுகளைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பிடி அரிசியை அள்ளினார். தெய்வானை எங்கிருந்து வந்தாளோ தெரியாது, அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாரைக் கேட்டுப் போடுறீங்க?" என்று அவள் கேட்ட தொனியில் சின்னம்மா அழுதுவிட்டார். காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். ஒரு பிடி அரிசிக்கு இப்படியா என்று லயமே பேசியது. கஞ்சம் என்றார்கள், கல்நெஞ்சக்காரி என்றார்கள். சாவு வீட்டிலும் இரண்டு பேர் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆவணி மாதத்தில் அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் வீட்டுச் சண்டை எங்களுக்கும் எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்கும் தெரியும். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குச் சேர்ந்து போவோம், பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் பால் மரம் வெட்டுவோம். அப்போதெல்லாம் தெய்வானை சிரித்தால் அடுத்த நிரையில் வேலை வாங்கும் மண்டோர் திரும்பிப் பார்ப்பார். இப்போது சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அவளுக்கு ஒரே பெண், கலா. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினால் போதும், உதடு நீலமாகிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய வேண்டும் என்று சொல்லி, குழந்தை இன்னும் கொஞ்சம் எடை போடட்டும் என்று தேதியைத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வருடம்தான் தெய்வானை வேண்டிக்கொண்டாள். தன் கையாலேயே ஒரு சேவலைக் குஞ்சிலிருந்து வளர்த்துத் திருவிழாவுக்குக் கொடுக்கிறேன், என் பெண்ணை எனக்கே கொடுத்துவிடு என்று முனியாண்டி முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நேர்ந்துவிட்ட கோழிக்குக் காலில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். அது லயம் முழுக்கச் சுற்றும். எந்த வீட்டு வாசலில் வந்து நின்றாலும் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு பிடி தீனி போட வேண்டும். போட்டால் வேண்டுதலில் நமக்கும் ஒரு பங்கு என்று நம்பிக்கை. அதனால் மஞ்சள் துணி கட்டிய குஞ்சைக் கண்டால் ஆளாளுக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துப் போடுவோம்.

ஆறுமுகம் அண்ணன் அதற்கும் மேலே போனார். தஞ்சோங் காராங்கில் ஒரு சீனர் தீவனக் கடை வைத்திருந்தார். மூன்று விதமான மூட்டை அங்கே இருக்கும். விலை கூடின மூட்டையில் கொழுத்த பெட்டைக் கோழியும் வெள்ளை முட்டையும் படமாகப் போட்டிருக்கும். அண்ணன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய பெருமையை இப்போதும் மறக்க முடியவில்லை. சாமிக்குப் போகிற கோழிக்கு மட்டமானதையா போடுவது என்று எல்லாரிடமும் கேட்டார். எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூட்டையைத் திறந்து தெய்வானை வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு பிடி அள்ளிப் போட்டோம். குஞ்சுக்கு அப்போது உடம்பில் பஞ்சுதான் இருந்தது, இறகுகூட முளைக்கவில்லை. கலா தன் சின்னக் கையால் அள்ளிப் போட்டு, அது கொத்தும்போது கூச்சத்தில் நெளிவாள்.

அது மளமளவென்று வளர்ந்தது. பிறகு ஒரு நாள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூட்டு வீங்கியிருந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. மஞ்சள் பத்துப் போட்டோம், விளக்கெண்ணெய் தடவினோம், திருஷ்டி சுற்றிப் போட்டோம். தீனியையும் கூடுதலாகப் போட்டோம். திருவிழா நெருங்க நெருங்க அது உட்கார்ந்த இடத்தை விட்டு எழவேயில்லை.

திருவிழாவன்று தெய்வானை அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். பூசாரி வாங்கிக் கீழே விட்டுப் பார்த்தார். அது சரிந்து விழுந்தது. ஊனமான கோழியைச் சாமிக்குக் கொடுக்க முடியாது என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், முகத்தைச் சுளிக்கவில்லை. யாரோ ஓடிப்போய் வேறு ஒரு சேவலைக் கொண்டுவந்து தெய்வானை கையில் கொடுத்தார்கள். அவள் அதைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "இது நான் வளத்தது இல்லையே சாமி" என்று அவரிடம் கேட்டாள்.

மழைக்காலம் தொடங்கியதும் கலாவுக்குக் காய்ச்சல் வந்தது. அறுவைக்குக் கொடுத்த தேதி வரைக்கும் அவள் இருக்கவில்லை. நாங்கள் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வானை ஒரே ஒரு முறை கத்தினாள். அதன் பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

நொண்டிச் சேவலும் கொஞ்ச நாளில் செத்தது. புதைக்க விடவில்லை அவள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தனியாக விடப் பயந்து நானும் கூடப் போனேன். தீவனக் கடை முதலாளியான தவுக்கே வயதான மனிதர், நல்லவர். கோழியை வாங்கிக் கடைக்குப் பின்னால் வைத்து அறுத்துப் பார்த்தார். ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்புப் பொடியைத் தூவினது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. என்ன தீனி போட்டாய் என்று மலாயில் கேட்டார். அவள் அந்த முட்டைப் படம் போட்ட மூட்டையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். முட்டையின் ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து நிறையச் சேர்க்கிறார்கள், முட்டை போடுகிற கோழிக்குத்தான் அது, வளரும் கோழிக்கு அது விஷம் மாதிரி, உள்ளேயே தங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். தெரிந்ததைச் சொன்னார், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. தெய்வானை அப்படியே மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சுங்கை புரோங் வயல்களெல்லாம் தண்ணீர் கட்டிக் கிடந்தன. பிறகு என் பக்கம் திரும்பி, "என் புள்ளைய நான்தான்டி கொன்னேன். கையால அள்ளிப் போட்டுக் கொன்னேன்" என்றாள். கோழிக்கும் குழந்தைக்கும் என்னடி சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவள்தான் நான். கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஒரு நாளும் அவள் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் நீங்களெல்லாம் அறிந்த தெய்வானை வந்தாள். பொரித்த குஞ்சுக்கு முதலில் தண்ணீர் காட்டுவாள், பிறகுதான் தீனி. பஞ்சு உதிர்ந்து இறகு மூடுகிற வரைக்கும் குஞ்சுத் தீனி மட்டும். அதற்குப் பிறகு நடுத் தீனி. அதோடு சுங்கை புரோங் ஆலையில் வாங்கிய நொய், தவிடு, பொடியாக நறுக்கிய கீரை எல்லாம் சேர்ப்பாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே நாளில் மாற்ற மாட்டாள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, எச்சத்தைப் பார்த்து, வயிறு ஒத்துக்கொண்ட பிறகுதான் மறு பங்கு. பெட்டைக்குக் கொண்டை சிவந்து முதல் முட்டை விழுந்த பிறகே முட்டைத் தீனி. கெராங் சிப்பி ஓட்டை இடித்துத் தனித் தட்டில் வைப்பாள். முட்டை போடுகிற கோழி வேண்டுமென்றால் தானே போய்க் கொத்திக்கொள்ளும். சேவலுக்கும் குஞ்சுக்கும் அந்தத் தட்டு எட்டாது. "பசிக்குப் போடுறது வேற, பாசத்துக்குப் போடுறது வேற. கோழிக்குப் பாசம் வேணாம்லா" என்பாள். சின்னம்மாவின் கையைப் பிடித்தவள் இந்தத் தெய்வானைதான்.

அவள் கோழிகள் நிமிர்ந்து நின்றன. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வேண்டுதல் குஞ்சுகளைக் கொண்டுவந்து, நீயே வளர்த்துக் கொடு என்று அவளிடம் விட்டுப் போனார்கள். அவளும் வளர்த்துக் கொடுத்தாள். கோயில் வேலி வரைக்கும் வருவாள், உரியவர் கையில் சேவலைக் கொடுப்பாள், திரும்பிப் போய்விடுவாள். உள்ளே காலெடுத்து வைத்ததே இல்லை. பூசாரி கூப்பிட்டும் வரவில்லை.

அந்தச் சேவல்களே அவளுக்கு எதிரான சாட்சியாகிப் போயின. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. லோரி விபத்தில் அடிபட்ட ஒருவர் எழுந்து நடந்தார். அவர்கள் தேங்காய் பழத்தோடு வந்து தெய்வானைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு அவள் என்னைப் பார்த்து, "பாத்தியாடி, ஒழுங்கா வளத்துக் குடுத்தா சாமி கேக்குது" என்பாள். பலிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் தேங்காய் எடுத்துக்கொண்டு வந்து சொல்லவில்லை. நான் சொன்னால், அதெல்லாம் அவர்கள் மனசு சுத்தமில்லாதது என்று முடித்துவிடுவாள். பலித்த ஒவ்வொரு வேண்டுதலும் அவளைக் கொலைகாரி என்று திரும்பத் திரும்பச் சொன்னது. இதை அவள் ஆசையோடு கேட்டுக்கொண்டாள் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் ரவாங்குக்கு வந்துவிட்டோம். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று போன வருடக் கடைசியில்தான் தெரிந்தது. பார்க்கப் போனபோது, முனியாண்டிக்கு உன் பேரில் ஒரு சேவல் நேர்ந்துகொள்கிறேன், நான் வளர்க்கிறேன் என்றேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்காக எந்தக் கோழியையும் வளர்க்காதே என்று கலா மேல் சத்தியம் கேட்டாள். பலிக்காமல் போய்விடும் என்று பயப்படுகிறாயா என்று கேட்டேன்.

"பலிக்கலன்னா பரவால்லடி. பலிச்சிட்டா?" என்றாள்.

காய்ச்சலில் உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சத்தியம் செய்யாமல் பேச்சை மாற்றிவிட்டு வந்து, அந்த வாரமே சந்தையில் குஞ்சு வாங்கினேன். தனிக் குஞ்சு சரியாகத் தின்னாது என்று தெய்வானை சொல்லுவாள், அதனால் சேவல் குஞ்சுக்குத் துணையாக ஒரு பெட்டைக் குஞ்சும் வாங்கினேன். தாமானில் கோழி வளர்ப்பது லேசான காரியமில்லை. சேவல் கூவத் தொடங்கியதும் கக் ரோஸ் வேலிக்கு வந்து, உன் கோழிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதா என்று கேட்டார். யாருக்காக வளர்க்கிறேன் என்று சொன்ன பிறகு அவரே பப்பாளித் தோலை நறுக்கிக் கொண்டுவந்து, இதைப் போடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்க ஆரம்பித்தார். நான் எதிலும் குறை வைக்கவில்லை. தண்ணீர், குஞ்சுத் தீனி, நடுத் தீனி, நொய், கீரை. மாற்றும்போது கலந்து மாற்றினேன். எச்சத்தைப் பார்த்தேன். ஒருவரையும் ஒரு பிடி போட விடவில்லை. என் குரலில் தெய்வானை திட்டுவது எனக்கே கேட்டது.

போன மாதத் திருவிழாவில் பூசாரி அந்தச் சேவலைத் தரையில் விட்டுப் பார்த்தார். அது கழுத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலை ஒரு சுற்று நடந்தது. இது தெய்வானை கை மாதிரியே இருக்கிறதே என்றார். எனக்கு மனசு நிறைந்து போயிற்று. திருநீற்றை முந்தானையில் முடிந்துகொண்டு நேராகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கண் மூடியிருந்தாள். நெற்றியில் பூசிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து மூக்குக்கு அருகே கொண்டுபோனாள்.

"தவுட்டு வாசன அடிக்குது. கோழி வளக்கிறியா?"

முட்டைக்காக ஒரு பெட்டை வைத்திருக்கிறேன் என்றேன். அதுவும் உண்மைதான். அவள் என் கையை விட்டுவிட்டாள். பிறகு, "முதல் முட்டை விழுற வரைக்கும் அந்தத் தீனியப் போட்றாதடி" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது இது.

சாவு வீட்டில் ஆறுமுகம் அண்ணன் காலிக் கோழிக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூட்டையைத் தோளில் தூக்கி வந்தவர் அவர்தான். தெய்வானை ஒரு நாளும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. பழி முழுவதையும் தானே எடுத்துக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவரில்லை. இனிமேல் அது அவர் பங்கு.

ரவாங்குக்குத் திரும்பும் வழியில்தான் அன்றைக்கு அவள் 'பலிச்சிட்டா?' என்று கேட்டதற்கு அர்த்தம் எனக்கு விளங்கியது. நான் வளர்த்த சேவல் நிமிர்ந்து நின்று, அதை வாங்கிக்கொண்டு சாமி அவளைப் பிழைக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கலா செத்தது நொண்டிச் சேவலால்தான் என்று நானே அவளுக்கு நிரூபித்துக் காட்டியிருப்பேன். மீதி ஆயுசு முழுக்க அதோடு அவள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அவள் பயந்தாள். இப்போது குறையில்லாத சேவலைக் கொடுத்தும் அவள் போய்விட்டாள். சேவல் காலுக்கும் மனிதர் உயிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஆகிவிட்டது. தெய்வானை தன் பெண்ணைக் கொல்லவில்லை. நான் இத்தனை வருடம் வாயால் சொல்லி நடக்காததை அவள் செத்துக் காட்டிவிட்டாள். அதைக் கேட்க வேண்டியவள் ஒருத்திதான். அவளிடம் சொல்ல வழியில்லை.

மற்றவர்கள் அவள் நினைவாகச் சேலை, பாத்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருப்பது சேவலுக்குத் துணையாக வாங்கிய அந்தப் பெட்டை. காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கக் ரோஸ் வேலிக்கு மேலே கையை நீட்டி எதையோ கொடுத்தார். சின்ன முட்டை, ஓட்டில் ஒரு கோடு ரத்தம். நேற்றுப் போட்டது, முதல் முட்டை என்றார். மறுநாள் நான் தஞ்சோங் காராங்குக்கே பஸ் ஏறிப் போய், அந்தப் படம் போட்ட மூட்டையை வாங்கி வந்தேன். பிரித்தபோது சுண்ணாம்பு வாசனை வந்தது. பழைய தீனியில் கொஞ்சமாகக் கலந்து வைத்தேன். கோழி தின்றது. வேண்டாம் என்று என் மணிக்கட்டைப் பிடிக்க யாரும் ஓடி வரவில்லை.